கோயில் பாட்டுக்கு ஒரு டிகிரி

அரியலூரில் இறங்கியதும் கண்ணில் படுவது சிமெண்ட் லாரிகள். திருமானூர் பக்கம் பஸ் பிடித்து ஏலாக்குறிச்சி போய்விட்டால் கொள்ளிடக் காற்று, அடைக்கல மாதா கோயில். 1680-ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, அதாங்க நம்ம வீரமாமுனிவர், இந்த ஊரைத் திருக்காவலூர் என்று சொல்லி, மாதா மேல் கலம்பகமே பாடினார். மனுஷர் இங்கே வந்துதான் தமிழ் கற்றார் என்பதை நினைத்தால் நமக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது!

ஆனால் பூசை மட்டும் ரொம்ப காலம் லத்தீனில்தான். 1962-65 வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகே அது தமிழுக்கு வந்தது. வந்ததும் தமிழ்ப் பாட்டு வேண்டும், மெட்டு வேண்டும், வாசிக்க ஆள் வேண்டும். எங்கே போய்ப் படிப்பது? திருச்சியில் ஒரு பாதிரியார் 1977-ல் தொடங்கிய கலைக்காவிரியில் வாய்ப்பாட்டு, மிருதங்கம், பரதம் என்று பட்டமே வாங்கலாம். பெரம்பலூர், அரியலூர்ப் பையன்களுக்குப் பக்கம்தான்.

படித்துவிட்டு? ஜெர்மனியில் கோயில் இசைக்கென்றே பல்கலைக்கழகப் படிப்பு உண்டு. ஆர்கன் வாசிக்க, பாடகர் குழுவை நடத்தச் சொல்லித் தருகிறார்கள். முடித்தவருக்குச் சம்பளத்தோடு கோயிலிலேயே உத்தியோகம். நம்ம ஊரில் கீபோர்டு வாசிக்கும் தம்பி பெரும்பாலும் ஆறு நாள் வேறெங்கோ உழைத்துவிட்டு ஞாயிறு காலை ஓடி வருகிறவர். பெண் பார்க்கப் போன இடத்தில் "கோயில்ல வாசிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "சரி தம்பி, வேலை என்ன?" என்பார்கள்.