மழையும் கண்டென்சர் மைக்கும்

மைக்ல கடுகு தாளிக்கிற சத்தம்.

கேபிள மாத்தியாச்சு. மல்டிமீட்டர் வச்சா, 1-வது பின்னுக்கும் 2, 3-க்கும் நடுவுல 48 வோல்ட் சுளையா வருது. அப்ப கரண்ட் மேல குத்தமில்ல.

வலையைக் கழட்டினா உள்ள தங்கம் பூசின சவ்வு. சில மைக்ரான்தான் தடிமன். தொடக்கூடாது, வாயால ஊதவும் கூடாது.
அதோட சேர்ந்த ரெசிஸ்டர் நூறு கோடி ஓம் கணக்கு. லேசா ஈரம் படிஞ்சாலே சார்ஜ் அந்த ஈரம் வழியா கசிஞ்சிடும். அடைமழைல வேறென்ன ஆகும்?

செருப்பு டப்பால வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்தையெல்லாம் பொறுக்கி, மைக்கோட காத்துப் புகாத டப்பால போட்டு மூடினேன்.
"ஊறுகாயாடா?"ன்னாங்க அம்மா.

காலையில சத்தம் சுத்தமா போச்சு. இப்ப என் மூக்கடைப்பு மட்டும் அவ்ளோ துல்லியமா பதிவாகுது!

டிசம்பர் கச்சேரிக்கு மைக் வைக்கிறவங்களே, ராத்திரி அதையெல்லாம் எங்கப்பா வைக்கிறீங்க?