பென்சில் கோடு

முடிச்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் ஒரு பென்சில் கோடு இருந்தது. பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் ‘2.12.2015’. அடையாறு பெருகி வீட்டுக்குள் வந்த தண்ணீர் நின்ற மட்டம் அது. வெள்ளம் வடிந்ததும் பீரோவைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு, அப்பா ஸ்கேல் வைத்து அந்தக் கோட்டைப் போட்டார்.

அதே வருடம் ஆனி மாதம்தான் ஒரு புரோக்கர் நல்ல விலைக்கு ஆள் கூட்டி வந்திருந்தார். 1991இல் அப்பா வாங்கிய ஒரு கிரவுண்ட் மனை. அதில் அவரே கட்டிய வீடு. முழங்கால் வலி அதிகமாகியிருந்தது. விற்றுவிட்டுக் கோவையில் அண்ணன் வீட்டுக்குப் பக்கமாகப் போய்விடலாம் என்று அவர் நினைத்தார். தடுத்தது நான். “ரெண்டு வருஷம் பொறுங்கப்பா, இன்னும் ஏறும்” என்றேன்.

ஐந்து மாதத்தில் வெள்ளம் வந்தது. முடிச்சூர் என்றாலே வாங்குகிறவர்கள் பேச்சை முடித்துக்கொண்டார்கள். 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. எங்களுடையதும் அந்த வகைதான், பஞ்சாயத்து அப்ரூவல் மட்டும் உள்ள மனை. நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கியது. ஒவ்வொன்றுக்கும் “இது தெளியட்டும்” என்றோம். 2019இல் அப்பா போய்விட்டார். அடுத்த வருடம் கொரோனா.

2021இல் குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்தார். அண்ணன் கோவைக்கு அழைத்துப் போனார்; வீடு பூட்டிக் கிடந்தது. ஆள் புழங்காத வீடு எவ்வளவு சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஆறே மாதத்தில் நிலைப்படியில் கரையான் ஏறியது. போர் மோட்டார் இறுகிக்கொண்டது. விலை ஏறும் என்று நாங்கள் காத்திருக்க, வீடு தன் மதிப்பை உள்ளுக்குள் இழந்துகொண்டிருந்தது.

எங்களைத் தெளிய வைத்தது அண்ணி கேட்ட ஒரு கேள்வி: “வித்த பணத்துல என்ன செய்யப் போறோம்?” அம்மாவுக்குக் கோவையில் தரைத்தளத்தில் ஒரு சின்ன ஃபிளாட். அப்படியானால் விற்பதும் வாங்குவதும் ஒரே காலத்தில்தான் நடக்கப்போகிறது. இங்கே சந்தை மந்தமாக இருந்தால் அங்கேயும் பேரம் பேச இடம் கிடைக்கும். இங்கே ஏறினால் பெரும்பாலும் அங்கேயும் ஏறியிருக்கும். ஆறு வருடமாக இங்கத்து விலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு விலையை விட்டுவிட்டுக் காகிதங்களைக் கையில் எடுத்தோம். வாரிசுச் சான்று, பட்டா பெயர் மாற்றம், மனை வரன்முறை, தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று. எல்லாம் கைக்கு வர ஒன்றேகால் வருடம் ஆனது. அந்த இடைவெளியில் எப்பேர்ப்பட்ட விலைக்கு ஆள் வந்திருந்தாலும் எங்களால் விற்றிருக்க முடியாது.

2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது. வழிகாட்டி மதிப்பு பழையபடி 2017 ஜூனுக்கு முந்தைய அளவுக்கு ஏறியது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம் தனி. இது நல்லதா கெட்டதா என்று தெருவே விவாதித்தது. நாங்கள் பெயின்ட் அடிக்க ஆள் வைத்தோம்.

“முதல்ல அந்தக் கோட்டை மறைச்சுடுங்க சார்” என்றார் புரோக்கர். அம்மாவிடம் போனில் சொன்னேன். “தண்ணி வந்த வீடுன்னு சொல்லியே குடு. வாங்குறவங்களும் பிள்ளைகுட்டிக்காரங்க” என்றார். அந்த ஒரு முழம் சுவரை விட்டுவிட்டு மற்றதை அடித்தார்கள்.

வீடு வாங்க வந்தவர் கோட்டருகே நின்று, தன் மார்பு மட்டத்துக்குக் கை வைத்து அளந்து பார்த்தார். 2015க்குப் பிறகு தண்ணீர் வந்ததா, கால்வாய் எந்தப் பக்கம் என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். சதுர அடிக்கு முந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்டார், இருநூறில் முடிந்தது. பத்திரங்கள் தயாராக இருந்ததால் அவருடைய வங்கி வழக்கறிஞர் எந்தக் கேள்வியும் எழுப்பவில்லை. ஆனி மாதத்திலேயே கிரையம் பதிந்தோம்.

கிடைத்த தொகை, எண்ணிக்கையில் 2015இல் கேட்ட விலையைவிட அதிகம். ஆனால் எட்டு வருடத்தில் கோவையில் ஃபிளாட்டின் விலையும் ஏறியிருந்தது. கூட்டிக் கழித்தால் காத்திருந்ததில் கைக்கு எதுவும் மிஞ்சவில்லை. அப்பா கோவைக்கு வந்து சேரவே இல்லை.

சந்தையின் உச்சம் எது என்பது, அது கடந்து போன பிறகுதான் தெரியும். வீட்டை ஏன் விற்கிறோம், அந்தப் பணம் எங்கே போகப்போகிறது, காகிதம் சரியாக இருக்கிறதா — இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அதுவே விற்கும் காலம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை பத்திரப் பையைக் கூடத்தில் வைத்து, அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.