கரைவலை

ஜனவரியில் சென்னை போய், குளோபல் கேம் ஜாமில் சேர்ந்தேன். 2009இலிருந்து உலகின் பல ஊர்களில் நடப்பது. முன்பின் அறியாதவர்கள் கூடி, 48 மணி நேரத்தில் ஒரு வீடியோ கேம் செய்துவிட வேண்டும்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். இருவர் நிரல், ஒருத்தி ஓவியம், ஒருவன் இசை. "நீங்க என்ன பண்ணுவீங்கண்ணா?" எழுதுவேன் என்றேன்.

பரங்கிப்பேட்டைக் கரைவலையைச் சொன்னேன். வலையின் இரு கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் இழுக்கும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிப்போகும், மீன் தப்பும். அதையே ஆட்டமாக்கினார்கள். நான் எழுதிய நாற்பது வரிகளில் 'இழு' மட்டும் மிஞ்சியது.

"கயிறு எவ்வளவு கனம்ணா?" என்றான் நிரல் எழுதுபவன். அவனுக்கு ஓர் எண் வேண்டும்.

தெரியவில்லை. இருபது வருஷமாகக் கவிதையில் இழுத்துக்கொண்டிருக்கிறேன். கையால் தொட்டதில்லை.