சிலம்பாறு நூபுர கங்கையான வழி

மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 21 கி.மீ. தொலைவில், அழகர்மலையின் மேல் இராக்காயி அம்மன் காவல் காக்கும் மண்டபத்தினுள் விழும் ஊற்றுநீர் இன்று நூபுர கங்கை என வழங்கப்படுகிறது. இரும்பும் செம்பும் கலந்த நீர், பிணி தீர்க்கும் மருந்து என்று சுற்று வட்டார மக்கள் இதனைப் போற்றி, ஆடி அமாவாசையன்று திரளாக நீராடுவதோடு, பாட்டில்களில் பிடித்து வீட்டுக்கும் கொண்டு செல்கின்றனர். இம்மருத்துவப் புகழின் தொடக்கத்தைத் தேடிப் பழைய நூல்களைப் புரட்டுவோருக்கு முதலில் கிடைப்பது நோய் பற்றிய செய்தியன்று, ஒரு பெயரே.

பரிபாடலின் 15ஆம் பாடலில் இளம்பெருவழுதியார் இம்மலையைப் பாடும்போது சிலம்பாறு என்னும் பெயர் வருகிறது. சிலம்பு என்ற சொல்லுக்குக் காலில் அணியும் அணி என்ற பொருளோடு, மலை, மலைச்சாரல் என்ற பொருளும் உண்டு. குறிஞ்சி நிலத் தலைவன் சிலம்பன் எனப்பட்டதும் இதனாலேயே. ஆகவே மலையிலிருந்து இறங்கும் ஆறு என்பதே அப்பெயரின் முதற்பொருள் எனக் கொள்வது பொருந்தும்.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கேட்கும் கோவலனிடம் மாங்காட்டு மறையோன், அழகர்மலையாகிய திருமால்குன்றத்துப் பிலத்தினுள், அதாவது மலைக்குகையினுள், புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள் உண்டு என்கிறான். முதலாவதில் மூழ்கினால் ஐந்திரம் என்னும் இலக்கண நூலறிவு கிட்டும். இரண்டாவது பழம்பிறப்பை உணர்த்தும். மூன்றாவது நினைத்ததைத் தரும். சிலம்பாறும் அதே பகுதியில் பெயரோடு இடம்பெறுகிறது. உடன்வரும் சமணத் துறவி கவுந்தியடிகளோ, இவற்றுள் எதற்காகவும் நீராட வேண்டியதில்லை என மறுத்துவிடுகிறார். அறிவு, பிறப்பு, விருப்பம் ஆகியவற்றையே மறையோன் பேசுகிறான் என்பதும், உடல்நோய் நீங்கும் என்ற சொல் அவன் கூற்றில் இல்லை என்பதும் இத்தேடலில் மிகவும் கவனிக்கத்தக்கவை.

அணி என்ற பொருள் இந்நீரின் பெயரோடு ஒலிக்கத் தொடங்குவதைப் பெரியாழ்வாரிடம் காணலாம். தெய்வ மகளிர் சிலம்பொலிக்க வந்து சிலம்பாற்றில் ஆடுவதாக அவர் பாடுகிறார். அங்கே சிலம்பு அம்மகளிரின் கால்களில் இருக்கிறது. தலபுராணத்தில் அது திருமாலின் திருவடிக்கு ஏறிவிடுகிறது. உலகளந்தபோது மேலே உயர்ந்த அடியைப் பிரமன் நீரால் கழுவ, அந்நீர் திருமாலின் சிலம்பிலிருந்து தெறித்து இம்மலையில் விழுந்தது என்பது புராணம் தரும் விளக்கம். நூபுரம் என்பது காற்சிலம்பைக் குறிக்கும் வடசொல். பெயர் முந்தியது, புராணம் பிந்தியது என்றே கொள்ள வேண்டும். மலையைக் குறித்த தமிழ்ச்சொல் அணியாகக் கேட்கப்பட்டு, பின் வடமொழியில் பெயர்க்கப்பட்டு, கங்கையும் ஆயிற்று.

அழகர்கோயில் வழக்கிலும் இந்நீருக்குத் தனியிடம் உண்டு. அபரஞ்சி எனப்படும் உயர்ந்த பொன்னாலான, உற்சவரான அழகரின் திருமேனி வேறு நீர் பட்டால் கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. அதனால் சித்திரையில் மதுரைக்குப் புறப்படும் அழகருக்கு இந்நீரே உடன் கொண்டு செல்லப்படுகிறது. நீரின் தன்மை உலோகத்தின் மேல் புலப்படும் என்ற எண்ணம் இவ்வழக்கில் பொதிந்திருப்பது சிறப்பானது.

ஊற்றுநீரின் இரும்புச்சத்து பற்றிய பேச்சு பிற நாடுகளிலும் பழையதே. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் பிளினி, இன்றைய பெல்ஜியப் பகுதியில் இரும்புச் சுவையுடைய ஊற்று ஒன்று காய்ச்சலைப் போக்குவதாக எழுதினார். அழகர்மலையைப் போன்ற காட்டுமலைகளில் மழைநீர் இலைமக்கு நிறைந்த மண்ணினூடே இறங்கும்போது கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிப் பாறைப் பிளவுகளில் கனிமங்களைக் கரைக்கிறது. பாறையோடு நீர் தங்கும் காலம் நீளுமளவுக்குக் கரைவதும் கூடும். ஆகவே ஐப்பசி மழையில் பெருகி விழும் நீரும் கோடையில் மெலிந்து சொட்டும் நீரும் ஒரே அளவு கனிமம் உடையவை எனக் கருத இயலாது. அமெரிக்க விதிப்படி ஒரு லிட்டரில் குறைந்தது 250 மில்லிகிராம் கரைபொருள் இருந்தால்தான் அது கனிம நீர். செம்பும் இரும்பும் உண்டு என்ற புகழ் ஊற்றின் பழமையால் மெய்யாகிவிடாது; அளந்தால்தான் மெய்யாகும்.

எனவே கோயிலாரும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து, கோடையிலும் மழையிலும் இந்நீரைச் சோதித்து, இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, கிருமி உண்டா என்பதைத் தீர்த்த மண்டபத்தின் முகப்பில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். நோயுற்றோர் நம்பிப் பருகும் நீர் இது.