சிறுபடம் காணோம் என்றால் படம் போய்விட்டதா?

விண்டோஸ் கோப்புறையில் படங்களுக்குப் பதில் ஒரே மாதிரி ஐகான் வரிசைகட்டி நின்றால், பலரும் முதலில் சந்தேகப்படுவது வைரஸை. அடுத்த யோசனை ஃபார்மட். இரண்டுமே அவசரம். சிறுபடம் என்பது படமல்ல, அதன் குட்டி நகல். விஸ்டா காலம் முதல் விண்டோஸ் அவற்றை ‘தம்ப்கேஷ்’ என்ற தனிக் கோப்புகளில் சேர்த்து வைக்கிறது. அவை கெட்டால், டிஸ்க் கிளீனப்பில் ‘தம்ப்நெயில்ஸ்’ மட்டும் டிக் செய்து அழித்தால் போதும். மூலப்படத்தில் கீறல்கூட விழாது.

“அழித்தும் சில படங்கள் மட்டும் தெரியவில்லையே?” நியாயமான கேள்வி. பழுது கேஷில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. கோப்புப் பெயரின் வால் ஹெச்இஐசி என்று முடிகிறதா பாருங்கள். 2017இல் ஐஓஎஸ் 11 ஐபோனுக்குக் கொண்டுவந்த வடிவம் அது. அதைப் படிக்கும் நீட்சி கணினியில் இல்லாவிட்டால் சிறுபடம் வராது. எந்தப் படமுமே தெரியாவிட்டால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘எப்போதும் ஐகான் மட்டும்’ என்பதை யாரோ டிக் செய்திருக்கலாம் (வீட்டில் குழந்தைகள் உண்டா?). சாதாரண ஜேபிஜி படம் திறந்தும் வராதபோதுதான் கோப்பையோ டிஸ்கையோ சந்தேகிக்க வேண்டும்.