எக்ஸ்டென்ஷன் போட்டால் டார்க் மாறுமா?

"எக்ஸ்டென்ஷன் ராடு போட்டா டார்க் குறையும், கொஞ்சம் கூட்டி வை" என்று பல ஒர்க்‌ஷாப்களில் இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

டார்க் ரெஞ்சுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே நேராக நிற்கும் ராடு எவ்வளவு நீளமானாலும், கையால் நிதானமாக இறுக்கினால் போல்ட்டுக்குப் போகும் டார்க் மாறாது. ராடு லேசாக முறுகும், அதனால் கை கூடுதலாகக் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். சாயாமல் பிடிக்க வேண்டும். (இம்பேக்ட் கன் கதை வேறு, அதன் அடியில் ஒரு பங்கை ராடு விழுங்கிவிடும்.)

கணக்கு மாறுவது, க்ரோஃபுட்டை (சாக்கெட்டுக்குப் பதிலாக ரெஞ்சின் டிரைவில் மாட்டும் ஸ்பேனர் தலை) ரெஞ்சுக்கு நேராக நீட்டி மாட்டும்போது. அங்கே நெம்புகோலின் நீளமே கூடிவிடுகிறது. ரெஞ்சின் டிரைவ் மையத்திலிருந்து பிடியின் நடு வரை 400 மி.மீ., க்ரோஃபுட் நீளம் 50 மி.மீ. என்று வையுங்கள். போல்ட்டுக்கு 90 நியூட்டன் மீட்டர் வேண்டுமென்றால், 90 × 400 ÷ 450, அதாவது 80-இல்தான் ரெஞ்சை வைக்க வேண்டும். 90-இலேயே வைத்தால் போல்ட்டில் 101-க்கு மேல் ஏறிவிடும். அலுமினியத்தில் வெட்டிய மரைக்கு அது நல்லதல்ல.

இடம் இருந்தால் க்ரோஃபுட்டை 90 டிகிரி திருப்பி மாட்டுங்கள், இந்தக் கணக்கே வேண்டாம். தம்பிகளே, குத்துமதிப்பாகக் கூட்டி வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.