சேர்த்தி நாளில் தனியாள்

உறையூரில் பிறந்த தனியாளுக்கு ஆண்டில் இரண்டு நாட்கள் தலைமறைவாக இருக்க வேண்டியிருக்கிறது. ஒன்று பிப்ரவரி 14. அன்று நம் கல்லூரி மாணவர்களில் பாதிப் பேர் முக்கொம்பில் இருப்பார்கள். மீதிப் பேர் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வகுப்பில் இருப்பார்கள். (வருகைப் பதிவேடு வைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்கள் இதை உயர்வு நவிற்சி அணி என்று கொள்வார்களாக!) மற்றொன்று பங்குனி ஆயில்யம். முன்னது வெளியிலிருந்து வந்தது. தலைவலி என்று சொல்லித் தப்பிவிடலாம். பின்னது எங்கள் ஊருக்கே மேளதாளத்தோடு வருவது. அதனிடமிருந்து எங்கே தப்புவது?

ஆயில்யம் கமலவல்லி நாச்சியாரின் நட்சத்திரம். ஸ்ரீரங்கத்தில் பங்குனித் திருவிழா நடக்கும்போது ஆறாம் நாள் நம்பெருமாள் பல்லக்கில் புறப்பட்டு, காவிரியைக் கடந்து, உறையூர் நாச்சியார் கோயிலுக்கு எழுந்தருளுகிறார். அன்று இருவருக்கும் சேர்த்தி. ஆண்டு முழுமைக்கும் இங்கே அந்த ஒரு நாள்தான். இரவே அவர் திரும்பிவிடுவார். மூன்று நாள் கழித்து, உத்திரத்தன்று, ஸ்ரீரங்கத்தில் தாயார் கோபித்துக் கதவைச் சாத்திக்கொள்வதும், நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் செய்வதும், பிறகு அங்கே சேர்த்தி நடப்பதும் ஊரறிந்த கதை. சந்திப்பு, பிரிவு, பொறாமை, ஊடல், தூது, கூடல் எல்லாம் இருக்கின்றன. இதற்கு மேல் ஒரு காட்சி சேர்க்க எந்தத் திரைக்கதை ஆசிரியராலும் முடியாது.

சங்க காலத்திலேயே எங்கள் ஊருக்கு இந்தக் குணம் உண்டு போலும். அகநானூற்றின் 137ஆம் பாட்டில் உறையூர் முதுகூத்தனார், ஆற்றங்கரைச் சோலையில் நடந்த பங்குனி முயக்கம் என்ற விழாவைச் சொல்கிறார். நான் வரலாறு படிப்பவன். தமிழ் வகுப்பில் கடைசி வரிசைக்காரன். ஆனாலும் அந்தப் பாட்டு வந்த அன்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணம், புலவர் விழாவின் கோலாகலத்தை எழுதவில்லை. விழா கழிந்த மறுநாளைக் காட்டுகிறார். சோலையில் ஆளில்லை, அடுப்புகளில் தீயில்லை. ஒளியிழந்த தலைவியின் நெற்றிக்கு அந்த வெறுமை உவமை. ஊரே சோடி சோடியாகத் திரிந்த நாளை விட்டுவிட்டு மறுநாள் சோலையைப் பார்க்கப் போனவர், அவ்வாண்டு நம்மைப் போலத் தனியாளாக இருந்திருப்பாரோ என்று எனக்கு ஓர் ஐயம்.

நிற்க. எங்கள் வீட்டில் ஆயில்ய நாள் என்றால் அது அத்தையின் நாள்.

அத்தைக்கு வயது 44. திருமணம் ஆகவில்லை. வரன்கள் வந்தன, போயின. காரணங்களை இங்கே எழுதினால் மலர் வீட்டுக்கு வரும் அன்று எனக்குச் சோறு கிடைக்காது. எங்கள் வீட்டுத் தறி நின்றுபோன பிறகு அத்தையின் தையல் இயந்திரம்தான் வீட்டில் ஓடும் இயந்திரம். எங்கள் தெருவில் கழுத்தில் தாலி ஏறிய பெண்கள் பலருடைய முகூர்த்த ரவிக்கை அத்தை தைத்ததுதான். அப்பாயி இருந்தவரை ஒவ்வோர் ஆண்டும் சேர்த்தி சேவைக்கு அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துப் போவார். சேர்த்தியைக் கண்டால் கல்யாணம் கூடும் என்பது நம்பிக்கை. வரிசையில் நிற்கும்போது முன்னால் ஒருத்தி திரும்பி, "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்பாள். பின்னால் ஒருத்தி, "அடுத்த வருஷம் சோடியா வந்துடுவா பாரு" என்பாள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வரிசையில் நின்ற அத்தை, அப்பாயி காலமான பிறகு போவதை நிறுத்திவிட்டாள். ஆயில்யத்தன்று வீட்டார் அனைவரும் கோயிலுக்குப் போக, அத்தை கதவைச் சாத்திக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாண்டுகளுக்கு முன் நானும் அவளோடு தங்கினேன். அந்தப் பிப்ரவரியில் என் விண்ணப்பம் ஒன்று "அண்ணா" என்ற ஒரே சொல்லால் நிராகரிக்கப்பட்டிருந்தது. விவரம் வேண்டாம். அக்காள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு தந்த மடிக்கணினி மூலையில் கிடந்தது. அதைத் தூசி தட்டி, "அத்தை, படம் பார்க்கலாமா?" என்றேன்.

முதலில் நான் போட்டது 'இதயம்' (1991). துக்கத்தில் இருப்பவன் துக்கப் படம்தான் பார்க்க வேண்டும் என்பது என் அப்போதைய கொள்கை. மருத்துவக் கல்லூரி மாணவராக வரும் முரளி, ஹீராவிடம் காதலைச் சொல்லாமலே மனத்துக்குள் வைத்து வைத்து, கடைசியில் இதயமே பழுதாகி, நல்ல சேதியைக் கூடத் தாங்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அத்தை பொத்தான் துளைக்கு நூல் கோத்தபடி, "டாக்டருக்குப் படிக்கிற பையன், நெஞ்சு வலிச்சா டாக்டர்கிட்ட காட்ட வேண்டாமா?" என்றாள். என் கண்ணீர் அந்த நொடியே நின்றது. 'ஒரு தலை ராகம்' (1980) போடலாமா என்று கேட்டதற்கு, "அதுலயும் பேசித் தொலைக்க மாட்டா, அவன் ரயில்ல செத்துப் போவான். வேண்டாம்" என்றாள்.

அத்தைக்குப் பிடித்தது 'காதல் கோட்டை' (1996). அகத்தியனுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். பதினைந்து வயதில் அப்பாயியோடு திரையரங்கில் பார்த்தாளாம். அஜித் ஜெய்ப்பூரில் இருக்கிறார், தேவயானி ஊட்டியில். தொலைந்த சான்றிதழ்களை அவர் திருப்பி அனுப்ப, கடிதத்திலே அன்பு வளர்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பிறகு சென்னையில் அவர் ஓட்டும் ஆட்டோவிலேயே அவள் ஏறி இறங்குகிறாள், அப்போதும் தெரிவதில்லை. படம் முடியும்போது இரயில் நிலையத்தில்தான் சந்திப்பு. இதை அதுவரை நான் காதலர்களைப் பற்றிய படம் என்றே நினைத்திருந்தேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. படத்தில் பெரும் பகுதி ஒருத்தி தனியே வேலை தேடுகிறாள், ஒருவன் தனியே சாப்பிடுகிறான், தனியே திட்டு வாங்குகிறான். தனியாளுடைய அன்றாடத்தை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய காதல் படம் வேறு என் நினைவுக்கு வரவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டாலும் எனக்கு அது நல்ல படம்தான். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடமும் அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

மறு ஆண்டு '96' (2018) பார்த்தோம். பள்ளிக்கூடக் காதலியின் நினைவுப் பொருள்களை ஒரு பெட்டியில் வைத்திருக்கும் ராமையும், அவனைத் தேடி ஓர் இரவுக்கு வரும் ஜானுவையும் நீங்கள் அறிவீர்கள். அத்தை முழுப் படத்திலும் ஒரு வார்த்தை பேசவில்லை. படம் முடிந்து வெகு நேரம் கழித்து, "பெட்டியை ஏன் வீட்டிலேயே வெச்சிருக்கான்? பரண்ல போட்டுட்டா மறந்துடும்" என்றாள். எங்கள் வீட்டுப் பரணில் பழைய தறிச் சாமான்களோடு அத்தையின் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்த ஆண்டு அத்தையே தேர்ந்தெடுத்தாள்: 'காதலிக்க நேரமில்லை' (1964). எனக்கு வியப்பு. அதை இயக்கிய ஸ்ரீதர், 'கல்யாணப் பரிசு' (1959), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) என்று தமிழ்நாட்டையே அழவைத்தவர். அக்காளுக்காகத் தங்கை காதலை விட்டுக்கொடுத்த கதை அது. பழைய காதலியின் கணவனைப் பிழைக்கவைத்துவிட்டு மருத்துவர் மடியும் கதை இது. அதே கைதான் அடுத்த இரண்டாண்டில் சித்ராலயா கோபுவோடு சேர்ந்து, ஈஸ்ட்மன் வண்ணத்தில், ஆரம்பம் முதல் முடிவு வரை சிரிக்கவைத்தது. ரவிச்சந்திரன் வேலை பறித்த முதலாளி வீட்டெதிரே கூடாரம் போடுகிறார். முத்துராமன் கிழவர் வேடம் போடுகிறார். நாகேஷ் ஓஹோ புரொடக்ஷன்ஸ் ஆரம்பிக்கிறார். அந்தப் படத்தில் காதலைப் பார்த்துப் பொறாமைப்பட நேரமே கிடைப்பதில்லை. தனித்திருப்பவருக்குச் சோகப் படம் துணையாகும் என்று என் போன்றோர் நம்புகிறோம். அத்தையின் அனுபவம் வேறு. சோகப் படத்தில் எல்லாரும் நம்மையே திரும்பிப் பார்ப்பது போல இருக்கிறதாம், கோயில் வரிசை மாதிரி.

நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லத் தொடங்கினார். பாலையாவின் முகம் கோணத் தொடங்கியது. தூரத்தில் நாதசுரம் கேட்டது. அத்தை படத்தை நிறுத்தினாள்.

"மணி என்ன?"

"பத்தாகப் போகுது."

"கூட்டம் குறைஞ்சிருக்கும். வா, ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அத்தை முகம் கழுவி, சாதாரணப் பருத்திச் சேலையோடே கிளம்பினாள். கோயில் வாசலில் சர்க்கரைப் பொங்கல் வாசனையும் மிதிபட்ட துளசி வாசனையும் கலந்து அடித்தன. வரிசை இன்னும் இருந்தது. ஆனால் எல்லாருக்கும் தூக்கம். யாரும் திரும்பி எதுவும் கேட்கவில்லை. உள்ளே நம்பெருமாளும் நாச்சியாரும் ஒரே ஆசனத்தில். அத்தை கைகூப்பி நின்றாள். என்ன வேண்டினாள் என்று தெரியாது. வெகு நேரம் நிற்கவில்லை.

வரும் வழியில் சொன்னாள்: "இவளுக்கும் வருஷத்தில ஒரு நாள்தான்டா. நாளைக்குக் காலையில எழுந்து வடக்கே பார்த்து உட்கார்ந்துக்குவா."

இந்தக் கோயிலில் நாச்சியார் அரங்கத்தை நோக்கி வடக்குமுகமாக வீற்றிருப்பதை அறிவேன். ஆனாலும் மாணவ புத்தி விடவில்லை. "மூலஸ்தானத்தில் அழகிய மணவாளர் பக்கத்திலேயே நிற்கிறாரே, அத்தை?" என்றேன்.

"அவர் நிற்கிறார். நான் வந்துட்டுப் போறவரைச் சொல்றேன்" என்று சிரித்தாள். பிறகு, "காலையில மூணு ரவிக்கை குடுக்கணும்" என்றாள்.

வீட்டில் இன்னும் யாரும் திரும்பவில்லை. மடிக்கணினியில் பாலையா அதே கோணல் முகத்தோடு, கதையின் அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அத்தை இரண்டு தம்ளரில் மோர் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மீதியையும் பார்த்துவிட்டுத்தான் படுத்தோம்.